யார் துணையும் இல்லாமல் பட்டம் ஏற்றும் முறை

தண்ணீர் வேண்டாம் இன்ஸ்பெக்டர் மேடம், நானே பாட்டிலில் கொண்டு வந்திருக்கிறேன். பேனாவும் என்னுடையதுதான். நான் சொல்லச் சொல்ல எழுதித் தருவதாக உங்கள் எழுத்தர் அன்போடு முன்வந்தார். அவருடைய கையெழுத்தைப் பார்த்த பிறகு அந்த அன்பை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் வாக்குமூலத்தை நானே எழுதிக்கொள்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதனுக்கு இதைக்கூடத் தனியாகச் செய்யத் தெரியாவிட்டால் அவன் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது.

தொழில் என்ற இடத்தில் ‘பட்டம் தைப்பவர்’ என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் நினைக்கும் காகிதப் பட்டம் இல்லை. ஒரு சின்ன அறையின் கூரை அளவுக்குத் துணி. அதன் முன்விளிம்பில் பம்பால் காற்றடித்த குழாய். அதிலிருந்து இருபத்து நாலு மீட்டர் நீளத்துக்கு நாலு கயிறு. கயிற்றின் இந்தக் கோடியில் ஒரு கைப்பிடி, அதை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு ஒரு ஆள், அவன் காலடியில் பலகை. காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், ஆள் கடல்மேல் வழுக்கிக்கொண்டு போவான். தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்கும். கிட்டத்தில் போய் அவன் முகத்தைப் பார்த்தால் அவ்வளவு அழகாக இருக்காது. எங்கள் கடற்கரை மன்றத்தில் இப்படி வழுக்குகிறவர்கள் நாற்பது பேர். அவர்கள் கிழித்துக்கொண்டு வருவதையெல்லாம் தைப்பவன் நான் ஒருவன். கரையை ஒட்டியே என் கொட்டகை, ஒரு தையல் மெஷின், ஒரு நீள மேஜை, கதவருகே காற்றின் வேகத்தைக் காட்டும் ஒரு கருவி.

பட்டம் மேலே ஏறிவிட்டால் பிறகு தொல்லை இல்லை. ஏற்றுவதில்தான் எல்லாச் சனியனும் இருக்கிறது. காற்று உங்கள் முதுகில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் உங்களுக்கு நேர் முன்னால் இருந்தால் முழுக் காற்றையும் வயிற்றில் வாங்கிக்கொண்டு உங்களைத் தூக்கி எறியும். உங்கள் தோளுக்கு நேராக, பக்கவாட்டில் இருந்தால் சமர்த்தாக மேலே ஏறும். இரண்டுக்கும் நடுவே சில அடிகள் நடைதான் வித்தியாசம். அந்த நடையை முடிக்கும்வரை இன்னொருவர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது வழக்கம். ஏற்றுகிறவர் சரியான இடத்துக்கு வந்ததும் கட்டைவிரலை உயர்த்துவார், பிடிப்பவர் விடுவார். உள்ளங்கையைக் காட்டினால் ‘பொறு’ என்று அர்த்தம். அவ்வளவு தூரத்தில், அந்தக் காற்றில், கத்தினாலும் கேட்காது. உலகத்தில் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் இதுதான் பாஷை.

பதினோரு வருடம் என் பட்டத்தைப் பிடித்தவள் என் மனைவி. நன்றாகப் பிடிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கட்டைவிரலை உயர்த்தியும் அவள் விடவில்லை. மறுபடி உயர்த்தினேன். அவள் பட்டத்தைக் கவிழ்த்து வைத்து, காற்றில் பறந்துவிடாமல் அதன்மேல் மணலையும் அள்ளிப் போட்டுவிட்டு, என்னை நோக்கி நடந்து வந்தாள்.

“பதினோரு வருஷமா புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். நா ஒரு நாள் ஏத்துறேன்னு சொன்னப்ப நீங்க ஒழுங்கா புடிச்சீங்களா?”

“புடிச்சேனே.”

“போன் பேசிக்கிட்டே புடிச்சீங்க. பாதியில விட்டுட்டீங்க. கையில ஆறு தையல்.”

ஏழு தையல். அதைத் திருத்தினேன். திருத்தாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று மதியமே அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பெட்டிகள். தூக்கி வைக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொள்ளும் பெண்ணை நான் மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பட்டம் பிடிக்க ஆள் இல்லை. கேட்டிருந்தால் நாற்பது பேரில் யாராவது வந்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. பதிலாக, ஒரு வருடம் செலவழித்துத் தனியாக ஏற்றும் முறையை ஒழுங்குபடுத்தினேன். பட்டத்தைக் காற்றுக்கு ஓரமாகக் கிடத்து. ஒரு இறக்கை நுனியை உள்பக்கமாக மடக்கி, அதன்மேல் இரண்டு கை மணல் போடு. மூன்று கை போட்டால் ஏறாது, ஒரு கை போட்டால் நீ வருவதற்குள் அது கிளம்பிவிடும். நாலு கயிற்றையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கையால் தொட்டுப் பார். இடுப்பில் இருக்கும் சிவப்புக் கொக்கியை ஒருமுறை அவிழ்த்துப் பார். ஏதாவது தப்பாகப் போனால் அதைத் தள்ளினால்தான் பட்டம் செத்து விழும். பிறகு மெல்லப் பின்னால் அடி வைத்துக் கயிற்றை இறுக்கு. பட்டம் சோம்பல் முறித்துக்கொண்டு உருண்டு எழும், மணல் உதிரும், மடிப்பு விரியும், ஏறிவிடும். இதில் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினேன். இடது பக்கம்: தனியாக ஏற்றியது நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு முறை, விபத்து பூஜ்யம். வலது பக்கம்: ஆள் பிடித்து ஏற்றியதில் விபத்து. அதன் கீழே கடந்த இரண்டு வருடத்தில் நாலு பதிவுகள். புது மாப்பிள்ளைக்கு விலா எலும்பு. இரட்டையரில் மூத்தவனுக்குக் கணுக்கால். பேக்கரிக்காரருக்கு இரண்டு பல். கணக்கு டீச்சருக்கு முழங்கை. மன்றத்துக்கு வருகிற எல்லோரும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். ஆனாலும் ஒருத்தருக்கும் புத்தி வரவில்லை. கொட்டகை வாசலில் வந்து நின்று, “அண்ணே, ஒரு நிமிஷம் புடிங்களேன்” என்பார்கள். அந்தப் பலகைக்கு முன்னாலேயே நின்று கேட்பார்கள் மேடம்.

நான் போய்ப் பிடித்தேன். புது மாப்பிள்ளை விஷயத்தில் உண்மையிலேயே என் கை வழுக்கியது. அவர் கல்யாணம் முடிந்து எட்டாவது நாள் உடைந்த விலா எலும்போடு படுத்துவிட்டார் என்று எனக்கு நிஜமான வருத்தம். ஆனால் கொட்டகைக்குத் திரும்பி வந்து பலகையில் அதை எழுதியபோது கிடைத்த நிறைவையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு பக்கம் பூஜ்யமும் மறுபக்கம் வெற்றிடமுமாக இருந்தால் அது வாதம் ஆகாது. இப்போது வாதம் ஆகிவிட்டது. மற்ற மூன்று பேர் விஷயத்தில் கை வழுக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

எல்லோரையும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கணக்கு டீச்சருக்குப் புத்தகம்கூட வாங்கிப் போனேன்.

இனி விசில் மாஸ்டர். ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர், மன்றத்தின் செயலாளர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். கடலுக்குள்ளும் அதோடுதான் போவார், குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது அவர் வீட்டாருக்குத்தான் தெரியும். நாற்பது வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் எதையும் அதை ஊதியே நிறுத்தியவர். என் மனைவி போன மறுவாரத்திலிருந்து தினமும் காலையில் கொட்டகை வாசலுக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

“தம்பி, புடிக்கணுமா?”

“வேணாம் மாஸ்டர்.”

ஆறு வருடம். ஒருநாள்கூட அவர் கேட்காமல் இருந்ததில்லை, ஒருநாள்கூட நான் சரி என்றதில்லை. கேட்டுவிட்டு, கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து இரண்டு கப்பில் டீ ஊற்றுவார். நான் வாங்கிக் குடிப்பேன். டீயை நான் உதவிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன மாதம் அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இனி மன்றத்தில் யாரும் பிடிக்க ஆள் இல்லாமல் பட்டம் ஏற்றக் கூடாது. மீறினால் உறுப்பினர் அட்டை பறிபோகும். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு. என்னிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று டீயோடு வந்து சொன்னார்.

“போன வாரம் நீங்க ஏத்துறப்ப ஒரு கயிறு உங்க கால்ல சுத்துச்சு. நா பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

“சுத்தல. தொட்டுச்சு.”

“சரி, தொட்டுச்சு. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு இருக்கா தம்பி? விடியக்காலையில நீங்க ஒருத்தர்தான் கரையில. பத்து மணி வரைக்கும் யாருக்கும் தெரியாது.”

கப்பை டீயோடு கீழே வைத்துவிட்டேன். கோபம்தான், வேறொன்றும் இல்லை. இந்த விதி வந்தால் நான் என்ன ஆவேன் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு காலையும் யாராவது ஒருவருடைய முகத்தைப் பார்த்து ‘கொஞ்சம் புடிங்க’ என்று பல்லைக் காட்ட வேண்டும். அவர் பிடித்துக்கொண்டு நிற்கும் வரை அவர் தயவில் நிற்க வேண்டும். அதைவிடத் தையல் மெஷினுக்குள் விரலை விடலாம். பலகையின் வலது பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னொரு பதிவு தேவைப்பட்டது. பேக்கரிக்காரரின் பல் எல்லாம் யாரையும் அசைக்காது. கொஞ்சம் கனமான ஆளாக இருக்க வேண்டும். தீர்மானம் கொண்டு வருகிற செயலாளரே ஆள் பிடித்து ஏற்றியதில் கையைக் கட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றால் அந்தத் தீர்மானத்தை யார் ஆதரிப்பார்கள்?

எப்படிக் கேட்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அவரே வியாழக்கிழமை வந்தார். அன்று டீயை ஊற்றிவிட்டுத் தன் கப்பைத் தொடாமலே ஆரம்பித்தார்.

“தம்பி, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த நாலு பேருக்கும் புடிச்சது நீங்கதான்னு மன்றத்துல பேச்சு ஓடுது.”

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். ஒரே தடவையில் கோத்துவிட்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

“என்னன்னு பேசிக்கிறாங்க?”

“உங்களுக்குக் கைராசி இல்லையாம். இனிமே யாரும் உங்கள புடிக்கச் சொல்லக் கூடாதாம்.”

நாற்பது பேர் கொண்ட மன்றம் மேடம். ஒரு இன்ஜினியர், ஒரு வக்கீல், முழங்கை உடைந்த கணக்கு டீச்சர். நாலு விபத்து, நாலிலும் ஒரே ஆள். இத்தனை பேரும் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது, கைராசி. அன்றுதான் மனிதர்கள் மேல் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று.

“நீங்க என்ன சொன்னீங்க மாஸ்டர்?”

“கைராசியாவது கால்ராசியாவது, நாளைக்குக் காலையில எனக்கே அவரத்தான் புடிக்கச் சொல்லப் போறேன், ஞாயித்துக்கெழம நானே எந்திரிச்சு எல்லார் முன்னாடியும் சொல்றேன்னேன். உங்களுக்கு ஒரு கெட்ட பேர் வந்தா எனக்குத் தூக்கம் வராது.”

அவரே கேட்டார் என்பதைக் கவனியுங்கள். நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறே கால். கரையில் நாங்கள் இருவர்தான். காற்று கடலிலிருந்து நேரே தரைக்கு அடித்தது. கரையின் வடக்கு ஓரத்தில் பின்னால் எதுவும் இல்லாத வெறும் மணல் இருக்கிறது, மாஸ்டர் வழக்கமாக அங்கேதான் ஏற்றுவார். என் கொட்டகைக்குப் பின்னால் எழுபது அடி தள்ளி ஐஸ் கிடங்கின் சுவர். அவர் வடக்குப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். “அவ்ளோ தூரம் எதுக்கு, இங்கயே ஏத்துங்க” என்றேன். சரி என்றார். சின்னப் பட்டத்தை எடுக்கட்டுமா, பெரிசையா என்று கேட்டார். காற்று குறைந்துவிடும், பெரிசையே எடுங்கள் என்றேன். காற்று குறையாது என்று எனக்குத் தெரியும். கதவருகே கருவி இருக்கிறதே. முள் ஏறிக்கொண்டிருந்தது.

எனக்குத் தேவைப்பட்டது ஒரு தோள்பட்டை எலும்பு. அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் கையில் துடித்தது. மாஸ்டர் கைப்பிடியை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டு தன் இடத்துக்கு நடக்க ஆரம்பித்தார். பட்டம் அவருக்குப் பக்கவாட்டில் வர இன்னும் முப்பது அடி நடக்க வேண்டும். அறுபத்தேழு வயது, மணல், மெதுவாகத்தான் நடந்தார். நடந்துகொண்டே இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார். பொறுங்க, நா இன்னும் வரல என்று அர்த்தம். வெளிச்சம் நன்றாக இருந்தது. உள்ளங்கையைத் தெளிவாகப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதையும் பார்த்தேன்.

விட்டேன்.

பட்டம் ஒரே வீச்சில் காற்றின் நடுவுக்குப் போய் வயிற்றை நிரப்பிக்கொண்டது. மாஸ்டரின் கால் தரையை விட்டது. அந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, கையை இடுப்புக்குக் கொண்டு போய் அந்தச் சிவப்புக் கொக்கியைத் தள்ளுவது. நானே அவருக்கு இருபது தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் கை இடுப்புக்குப் போகவில்லை, நெஞ்சுக்குப் போனது. விசிலை வாயில் வைத்து ஊதினார். நாற்பது வருடப் பழக்கம். ஒரே ஒரு நீளமான ஊதல், சுவர்வரைக்கும் கேட்டது.

ஐஸ் கிடங்கின் காவலாளி சத்தம் கேட்டு வெளியே வந்தபோது நான் மாஸ்டரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். அதைத்தான் அவர் உங்களிடம் சொன்னார், உண்மையைத்தான் சொன்னார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது நான். ஸ்ட்ரெச்சரின் தலைப் பக்கத்தைத் தூக்கியது நான். அவர் மனைவியிடம் போய்ச் சொன்னதும் நான்தான். யாரும் என்னிடம் ‘பட்டத்தைப் பிடித்தது யார்’ என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி. பிறகு மாஸ்டரின் தீர்மானத்தை அவர் பெயரிலேயே, ஒருமனதாக நிறைவேற்றினார்கள். எல்லோரும் அழுதார்கள். உங்கள் அறிக்கையின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அதில் மூன்றாவது வரி: ‘துணைக்கு ஆளின்றித் தனியாகப் பட்டம் ஏற்ற முயன்றபோது.’ கணக்கு டீச்சர் அதைப் படித்தார். கட்டுப் போட்ட கையோடு நேரே என் கொட்டகைக்குள் வந்தார். சாக்பீஸை எடுத்து, இடது பக்கத்துப் பூஜ்யத்தை உள்ளங்கையால் அழித்துவிட்டு, அங்கே ‘ஒன்று’ என்று எழுதினார். என்னைப் பார்த்து, “இனிமேலாவது தனியா போகாதீங்கண்ணே, ப்ளீஸ்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது நாள் அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அழித்துவிடலாம்தான், ஆனால் ஆதாரம் இல்லாமல் அழித்தால் நானும் அவர்களைப் போலத்தானே. அதனால்தான் வந்திருக்கிறேன். மனசாட்சி உறுத்தி வந்திருக்கிறேன் என்று உங்கள் எழுத்தர் என் தோளைத் தட்டினார். நல்ல மனிதர். மனசாட்சி இல்லை மேடம், தகவல் பிழை. விசில் மாஸ்டர் தனியாக ஏற்றவில்லை. நான் பிடித்தேன். ‘பொறு’ என்று அவர் காட்டியதைப் பார்த்துக்கொண்டே விட்டேன். சுவர் அங்கே இருப்பது தெரிந்துதான் அந்த இடத்தைச் சொன்னேன். அவர் தனியாக ஏற்றியிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார். மூன்றாவது வரியைத் திருத்தி, ஒரு நகலை மன்றத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.

காலையில் டீ இல்லாதது கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது. நானே பிளாஸ்க் ஒன்று வாங்கினேன். அளவு சரியாக வரவில்லை, தினமும் ஒரு கப் மிஞ்சுகிறது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: ‘கைது குறித்துத் தகவல் தெரிவிக்க வேண்டிய நபர்.’ மனைவியின் அக்கா வீட்டு எண் எப்போதோ மாறிவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு பேனா தானாகவே எழுத ஆரம்பித்துவிட்டது, ‘விசில் மாஸ்’ வரைக்கும் எழுதிய பிறகுதான் கவனித்தேன். அதை அடித்து, அடித்தலுக்குப் பக்கத்தில் முறைப்படி கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று எழுத்தர் சொல்வதால் இப்படி நிரப்பியிருக்கிறேன்: யாரும் தேவைப்பட்டதில்லை.